பிரெற் கழற்றிய பேஸ்

பேஸ் கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் பிரெற்றுகள் வாசிப்பவருக்குப் பெரிய காவல். விரல் கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் சுருதி பிசகாது. அந்தக் காவலைக் காசு கொடுத்துக் கழற்றுவிக்க ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் கிளிநொச்சியில் அந்தத் தச்சுப்பட்டறைக்குப் போனேன்.

கதவு நிலைகளுக்கும் பாதி முடிந்த கட்டிலுக்கும் நடுவே, மடித்த சாரத்தின் மேல் பேஸ் மல்லாந்து கிடந்தது. தந்திகள் ஏற்கெனவே கழற்றியாயிற்று. சொந்தக்காரர் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும் இசைக்குழுக்காரர். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர். பேஸின் தடித்த தந்தி எழுப்புவது 41 ஹேர்ட்ஸ். உள்ளங்கை அகல ஒலிபெருக்கியில் அது எங்கே கேட்கப்போகிறது! "பேஸ் எண்டு ஒண்டு பாட்டுக்குள்ள இருக்கிறதே எனக்கு ஏ9 பாதை திறந்தாப் பிறகுதான் தெரியும்" என்றார். 2002இல் யாரோ கொண்டுவந்த பெரிய பெட்டியில் அதே பழைய பாட்டுகளைத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

ஓடாவியார் அவசரப்படவில்லை. "உதைச் சும்மா பிடுங்கினா பலகை செதில் செதிலாக் கிளம்பும் தம்பி, சூடு காட்டவேணும்" என்று சோல்டரிங் அயனை ஒவ்வொரு பிரெற்றின் முதுகிலும் வைத்து இழுத்தார். முனையைத் தட்டையாக உரைத்த குறடு. ஓரத்தில் நுழைத்து, நெம்பாமல், மெல்ல நெரித்துக்கொண்டே நடுவுக்குப் போனார். அப்படியும் இரண்டு இடத்தில் பொடிச் செதில் கிளம்பியது. அதை ஊசியால் எடுத்து அதே குழியில் சுப்பர் குளூ வைத்து ஒட்டினார்.

பிறகு காடிகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம். முதிரையில் அந்தத் தடிப்புக்குத் தகடு சீவி, பசை தடவி இறக்கினார். கதவுக்கு நூல் கணக்குப் பார்க்கிற கை, இங்கே ஒரு நூலில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கி வேலை செய்தது. கறுத்த பலகையில் முதிரையின் மஞ்சள் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. கழுத்தின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து முதல் கோட்டுக்கு 48 மில்லிமீற்றர். பன்னிரண்டாவது கோட்டுக்கு வரும்போது இடைவெளி 26க்குள் சுருங்கிவிடுகிறது. விரல் மனப்பாடம் பண்ணவேண்டியது இந்தச் சுருக்கத்தைத்தான்.

பிரெற் இல்லாத பேஸுக்கு உலகம் முழுக்க விரும்பும் பலகை கருங்காலி. இலங்கையின் உலர்வலயக் காட்டுக் கருங்காலிக்கு அதில் பழைய பெயர் உண்டு. இப்போது அதை வெட்டத் தடை. கருங்காலி உலக்கை வைத்திருந்த வீடுகளை ஓடாவியாருக்குத் தெரியும். அந்த மரத்தில் உளி வைக்க அவருக்கு வாய்க்கவில்லை.

இந்த வேலை புதிதல்ல. 1961இல், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்த பில் வைமன் மலிவு பேஸ் ஒன்றின் பிரெற்றுகளைக் கழற்றினார். அம்பெக் நிறுவனம் 1966இல் பிரெற் இல்லாமலே செய்து விற்றது, பெண்டர் 1970இல். ஆனால் இதைப் பெரிதாக்கியவர் ஜாக்கோ பஸ்டோரியஸ். 1962ஆம் ஆண்டுத் தயாரிப்பான தன் பெண்டர் ஜாஸ் பேஸில், பிரெற் எடுத்த பலகையைத் தந்தி தின்னாமலிருக்கப் படகுக்குப் பூசும் இபொக்சியைப் பூசினார். சுற்றுக் கம்பித் தந்தி அரம் மாதிரி. வெறும் பலகையை ஒரு வருடத்தில் வாய்க்கால் ஆக்கிவிடும்.

படகு என்றதும் நம்ம பேஸ்காரர் முல்லைத்தீவுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். கரையில் பைபர் படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் கதையைக் கேட்டுச் சிரித்தார். "இது பொலியெஸ்டர் ரெசின் அண்ணை. துணியோட சேர்ந்தாத்தான் பலம். மரத்தில தனியப் பூசினா சுருங்கி உரிஞ்சுடும்." அவர் சொன்னது சரி; இபொக்சி வேறு சாமான். கடைசியில் பேஸ்காரர் பூச்சே வேண்டாமென்று எண்ணெய் மட்டும் தேய்த்து, கொழும்பிலிருந்து தட்டைச் சுற்றுத் தந்தி வரவழைத்தார். என் காதுக்கும் அதுதான் இதம்.

பிரெற்றின் உயரம் போனதால் நாலு தந்திகளும் பலகைக்கு மேலே தூக்கலாக நின்றன. நட்டின் பள்ளங்களை அரத்தால் இறக்கி, பிரிட்ஜின் சேணங்களையும் தாழ்த்தி, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கோலை அலன் சாவியால் கால் சுற்று இறுக்கியதும் அது பேசத் தொடங்கியது. அழுத்தி இழுத்தால் சுரம் தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல் நீண்டு போகிறது.

வாசிப்புத்தான் கடினம். பழைய பழக்கத்தில் அவர் விரல் கோட்டுக்குப் பின்னால் விழுகிறது. இங்கே நேரே கோட்டின் மேல் விழவேண்டும். கைபேசியில் தம்புராச் சுருதியைப் போட்டுவிட்டு ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறார். கண் கோட்டைப் பார்க்கும்வரை சுருதி ஏறுக்குமாறு. கண்ணை மூடினால் காது பிடித்துக்கொள்கிறது. மெல்லிசைப் பாட்டுக்கு ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும்போது அபாரம். பைலாத் துள்ளலுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை.

இசைக்குழுவின் கீபோட்காரர் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடுவார், ஒரு ஆளின் சம்பளம் மிச்சம் என்ற பேச்சு ஏற்கெனவே உண்டு. அதனால் இவர் மேடையில் துணிந்து பார்க்கப் போவதில்லை. ஜெனரேற்றர் இரைச்சலில் தன் சுருதி தனக்கே கேட்காது. வரும் திருவிழாவுக்குப் பிரெற் உள்ள மற்றப் பழைய பேஸைத்தான் கொண்டுபோகிறாராம்.