வெறும் சுவரின் விலை

ஒஸ்லோ மத்திய நிலையத்தில் ஸ்கீ போகும் ரயிலைப் பிடித்தால் கால் மணி நேரத்துக்குள் ஹொல்ம்லியா. அங்கே 1980களில் எழும்பிய அடுக்குமாடி ஒன்றில், தெரிந்த அக்கா ஒருவர் வாசல் நடையைப் புதுப்பிக்கிறார் என்று கேள்விப்பட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

ஒன்றரை மீற்றர்கூட அகலமில்லாத நடை. சுவரில் துணிபோல் நெய்த தாள், அதன்மேல் பல அடுக்குப் பெயின்ற், கூரையில் மஞ்சளித்துப்போன பைன் பலகை. அந்தக் காலத்து வீடுகளில் இதுதான் வழக்கம். ஜிப்சம் பலகைகளின் பொருத்து, ஆணித் தலை, கோணல் எல்லாவற்றையும் அந்தத் தாள் மறைத்து வைத்திருந்தது. அக்காவுக்கு வேண்டியது மகள் கைப்பேசியில் காட்டிய படம்: வழுவழுப்பான சாம்பல் சுவர், ஒளித்து வைத்த விளக்கு, வேறொன்றும் இல்லை.

"அந்த வேறொன்றும் இல்லைதான் எங்கட முழு வேலையும்," என்றார் பெயின்றர் அண்ணை. வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கியவர்களில் ஒருவர். கட்டட வேலையில் நெடுநாள் அனுபவம் காட்டித் தேர்வெழுதி, தொழில் சான்றிதழ் எடுத்திருக்கிறார்.

தாளை உரித்தபோது ஜிப்சம் பலகையின் மேல்காகிதமும் இடையிடையே கிழிந்து வந்தது. கிழிந்த இடத்தில் ஈரம் பட்டால் காகிதம் குமிழி விடும். அதனால் முதலில் அதை இறுக்கும் பூச்சு. பிறகு ஸ்பார்க்கல் எனும் பட்டியை அகன்ற தகட்டால் சுவர் முழுதும் இழுத்தார். காயவிட்டுத் தேய்ப்பு, மறுபடி ஒரு கை, மறுபடி தேய்ப்பு. தூசு உறிஞ்சும் இயந்திரம் ஓடியும் எல்லார் கண்ணிமையும் வெள்ளை.

பிறகு கூரை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் பளிங்காய்த் தெரிந்த சுவரில் அலை அலையாய் நிழல் விழுந்தது. தகடு திரும்பிய இடமெல்லாம் கோடு. "அக்கா கேட்ட விளக்கு இப்படித்தான் மேலயிருந்து உரசி விழும். இப்ப பிடிக்காட்டி, பிறகு ஒவ்வொரு நாளும் தெரியும்," என்று பென்சிலால் வட்டமிடத் தொடங்கினார். ஒரே சுவரில் எத்தனை வட்டங்கள்!

மூலைகளுக்கு மரச்சட்டம் அடித்தால் இடைவெளி ஒளிந்துவிடும். சட்டமே வேண்டாம் என்பது இன்றைய பாணி. பூவேலை செய்யும் ஆசாரிக்காவது பார்க்க ஆள் உண்டு. பெயின்றர்களுடைய கைவேலை நன்றாக அமைந்தால் யார் கண்ணிலும் படாது. ஒரு வெறும் சுவருக்கு இவ்வளவு காசோ என்று கேட்கிறவர்களிடம் அந்தக் கைவிளக்கைக் கொடுக்க வேண்டும்.

வாசலையொட்டிக் கல் பதித்திருந்தார்கள். பனிச்சேறும் வீதியில் தூவும் சரளையும் சப்பாத்தோடு உள்ளே வருவதால் மரத்தரை தாங்காது. கல்லுக்குக் கீழே சூட்டுக் கம்பி. அதைப் பதிவுபெற்ற மின் நிறுவனம்தான் இணைக்கலாம். அதற்கு முன்பே பழைய தரைவிரிப்பின் பசையைப் பரிசோதித்தார்களாம். 1985க்கு முந்திய கட்டடம் என்றால் அஸ்பெஸ்ரஸ் பயம்.

மகள் காட்டிய படத்தில் சப்பாத்து ஒன்றுகூட இல்லை. ஒரு பிறந்தநாள் என்றால் முப்பது சோடியும் அத்தனை தடிச் சட்டையும் வரும் வீடு இது! தச்சு வேலைக்கு வந்த போலந்துக்காரர் சுவரின் கீழ்ப்பாதியில் சாய்ந்து திறக்கும் ஒடுக்கமான பெட்டிகள் செய்தார். கொழுக்கி வரும் உயரத்தில் ஜிப்சத்துக்குப் பின்னால் ஒட்டுப்பலகை வைத்திருந்தார். வெறும் ஜிப்சத்தில் திருகினால் ஈரச் சட்டைகளின் பாரத்துக்குக் கையோடு கழன்று வரும்.

கடைசிக் கை மங்கல் பெயின்ற். பளபளப்பு கூடக்கூட மேடுபள்ளமும் கூடித் தெரியும். மங்கலிலோ கைப்படும் இடம் கறுக்கும். கழுவக்கூடிய மங்கலாகத் தெரிந்தெடுத்திருந்தார் அண்ணை.

"தொட்டால் காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும். ஆனா ஒரு மாசத்துக்குத் துடைக்க வேண்டாம், அக்கா."

"நான் துடைக்கேல்லைத் தம்பி. பேரப்பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?"

அண்ணை மிச்சப் பெயின்றை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி, நிற எண்ணை மூடியில் எழுதி அவரிடம் கொடுத்தார்.