ஆவிகளுக்கு இடமில்லாத விடுதி

ஊர்ப்புறத்து விடுதி ஒன்று. வெளியே மூடுபனி. கணப்படுப்பின் அருகே சில பயணிகள். விடுதிக்காரர் குரலைத் தாழ்த்தி, அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படும் பேய்க்கதையைத் தொடங்குகிறார். மறுநாள் காலையில் ஒருவர் இறந்து கிடக்கிறார். ஊரார் அனைவரும் அந்தப் பழங்கதையின் பேயையே குற்றம் சாட்டுகின்றனர். வெளியூரிலிருந்து வந்த துப்பறிவாளர் மட்டும் ஈரமண்ணில் குனிந்து காலடித் தடத்தைத் தேடுகிறார். ஆங்கிலத் துப்பறியும் கதைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

இத்தகைய கதைகளில் எனக்கு இளமை முதலே ஈடுபாடு உண்டு. குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் உடன் பயின்ற நண்பர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார்: "மறுவுலகை நம்புகிற நாம் விடுதிக்காரர் பக்கமல்லவா நிற்கவேண்டும்? துப்பறிவாளரோ கண்ணால் காணாததை ஏற்காதவர் ஆயிற்றே!" கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பேயை நம்புவதும் இறைவனை நம்புவதும் ஒரே வகை நம்பிக்கைதானா? பங்குப் பணியில் ஆண்டுகள் செல்லச் செல்ல, இது வாழ்வையும் சாவையும் தொடும் கேள்வி என்று கண்டுகொண்டேன்.

இவ்வகைக் கதைகளுள் தலையாயது எதுவென்றால், ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'பாஸ்கர்வில் குடும்பத்து வேட்டைநாய்' என்று தயங்காமல் சொல்லலாம். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் குரோமர் என்னும் ஊரிலிருந்த விடுதியில், பெர்ட்ராம் ஃபிளெட்சர் ராபின்சன் என்ற இதழாளர் டாயிலிடம் பேய்நாய் பற்றிய நாட்டுப்புறக் கதையைச் சொன்னார். அதே ஆண்டு இருவரும் டெவன் மாவட்டத்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குச் சென்று, பிரின்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 'டச்சி' விடுதியில் தங்கினர். சுற்றிலும் கருங்கற்குன்றுகள், கால் வைத்தால் உள்ளிழுக்கும் சேற்றுநிலங்கள், நெப்போலியன் காலப் போர்க் கைதிகளுக்கென 1809இல் கட்டி முடிக்கப்பட்ட பெருஞ்சிறை. பேய்க்கதை ஒன்று பிறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா?

அப்பகுதிக்குச் சொந்தக் கதையும் இருந்தது. பக்ஃபாஸ்ட்லி என்னும் ஊரில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரிச்சர்டு கேபல் என்ற நிலக்கிழார் தம் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்றவர் என்றும், அவர் அடக்கம் செய்யப்பட்ட இரவில் கரிய வேட்டைநாய்கள் ஊளையிட்டபடி கல்லறையைச் சூழ்ந்தன என்றும் மக்கள் சொல்லிவந்தனர். அவர் எழுந்து வந்துவிடாதபடி கல்லறையின்மேல் கனத்த கல்லை வைத்து, சுற்றிலும் கட்டடம் எழுப்பி, இரும்புக் கம்பியும் பொருத்தினராம். அக்கல்லறையிலிருந்து ஏறத்தாழ ஒரு கல் தொலைவில், 1882இல் பிரான்சிலிருந்து வந்த பெனடிக்ட் சபைத் துறவிகள் பக்ஃபாஸ்ட் மடத்தை மீண்டும் நிறுவினர் என்பது நமக்குச் சுவையான செய்தி. 1907 முதல் 1938 வரை அவர்கள் தம் கைகளாலேயே ஆலயத்தைக் கட்டி முடித்தனர். ஊரார் அச்சத்தினால் ஒரு கட்டடம் எழுப்பினர். துறவிகள் நம்பிக்கையினால் ஒன்றை எழுப்பினர்.

1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை 'ஸ்டிராண்ட்' இதழில் தொடராக வெளிவந்த இக்கதையின் முடிச்சு எளியது. குடும்பத்தைப் பழிவாங்கும் பேய்நாய் உண்டென்பது பாஸ்கர்வில் குடும்பத்தின் பழங்கதை. முதியவரான சர் சார்லஸ் இரவில் எதையோ கண்டு அஞ்சி ஓடி, இதயம் நின்று இறக்கிறார். அருகில் மாபெரும் நாயின் காலடித் தடம். ஊர் நடுங்குகிறது; படித்த மருத்துவரும் தடுமாறுகிறார்.

ஷெர்லாக் ஹோம்ஸ் எதைக் கொண்டு தெளிவடைகிறார் தெரியுமா? ஒரு பழைய காலணியைக் கொண்டு! வாரிசாக வந்த இளைஞர் இலண்டன் விடுதியில் தங்கியிருக்கையில் அவருடைய புதுக் காலணி ஒன்று களவு போகிறது; பின்னர் அது திரும்பிவிடுகிறது; அதற்குப் பதிலாக, அணிந்து பழகிய பழைய காலணி ஒன்று காணாமற்போகிறது. புதிய காலணியில் மனித வாடை இல்லை. பழையதில் உண்டு. பேய்க்கு மோப்பம் பிடிக்கக் காலணி எதற்கு? ஆகவே அங்கே அலைவது உயிருள்ள நாய். அதை ஏவுபவன் உயிருள்ள மனிதன். வாயிலும் கண்களிலும் ஒளிர்பொருள் பூசி அந்த நாயை இருளில் விட்டவன், சொத்துக்கு ஆசைப்பட்ட மறைமுக வாரிசு. கொடுமை என்னவென்றால், அந்தப் பழங்கதையை அவனுக்குச் சொன்னவரே சர் சார்லஸ்தான். தம் அச்சத்தைத் தாமே கொலையாளியின் கையில் ஆயுதமாகக் கொடுத்துவிட்டார்.

இக்கதையில் பலர் மறந்துவிடும் இன்னொரு சாவும் உண்டு. சிறையிலிருந்து தப்பி மேட்டுநிலத்தில் ஒளிந்திருந்த கைதி ஒருவன், அந்த இளைஞரின் பழைய உடைகளை அணிந்திருந்த காரணத்தால், நாய் துரத்தப் பாறையிலிருந்து விழுந்து மடிகிறான். அவனுக்காக அழ அவன் அக்காள் ஒருத்தியைத் தவிர ஆளில்லை. ஒருவன் பரப்பும் பேய்க்கதைக்கு முதலில் பலியாகிறவர்களுள் எளியவன் தப்பாமல் இருப்பான் என்பதை டாயில் அறிந்திருந்தாரோ?

இங்கேதான் வியப்புக்குரிய திருப்பம் வருகிறது. ஹோம்ஸைப் படைத்த டாயில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டோனிஹர்ஸ்ட் இயேசு சபைக் கல்லூரியில் பயின்றவர். இளமையிலேயே மறையைக் கைவிட்டவர். அவரே பிற்காலத்தில் இறந்தோர் ஆவிகளுடன் பேசலாம் என்னும் இயக்கத்தின் பெரும் பரப்புரையாளரானார். முதல் உலகப் போர் வீடுதோறும் ஒப்பாரியைக் கொண்டுவந்த காலம் அது. அவரும் 1918இல் மகனை இழந்தார். ஆகவே அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வராது. ஆனால் 1917இல் சிறுமியர் இருவர் காகிதத்தில் வெட்டிய உருவங்களைச் செடிகளிடையே நிறுத்தி எடுத்த நிழற்படங்களை, உண்மையான வனதேவதைகள் என்று நம்பி 1922இல் ஒரு நூலே எழுதிவிட்டார்! 1983இல், மூதாட்டிகளாகிவிட்ட அவ்விருவரும் அது ஏமாற்று வேலை என்று ஒப்புக்கொண்டனர். காலணியின் வாடையைக்கூடக் கணக்கிட்டவரின் கண்ணுக்கு இது தப்பிவிட்டது.

மறுபுறம் பாருங்கள். 1917இல் கத்தோலிக்கரான ரொனால்ட் நாக்ஸ், ஆங்கிலிக்க ஆயர் ஒருவரின் மகன், பின்னர் குருவானவர், விவிலியம் முழுவதையும் தனியொருவராக ஆங்கிலத்தில் பெயர்த்தவர். துப்பறியும் கதைகளும் எழுதினார். ஊர்ப்புற விடுதியில் எரிவாயுவால் இறந்து கிடந்த செல்வர் ஒருவரின் சாவைப் பற்றி 1927இல் அவர் எழுதிய நாவல் உண்டு. இத்தகைய கதைகளுக்கு 1929இல் அவர் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அவற்றுள் இரண்டாவது: இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றல் எதற்கும் கதையில் இடமில்லை. நாள்தோறும் பீடத்தில் அப்பத்தை ஏந்தி நின்ற குருவானவர், விடுதியின் கதவை ஆவிகளுக்கு அடைத்துவிட்டார்!

செஸ்டர்டனும் அவ்வாறே. அவர் படைத்த தந்தை பிரௌன் முதன்முதலாகத் தோன்றிய 1910ஆம் ஆண்டுக் கதையில், குருவானவர் வேடமிட்ட திருடன் விண்மீன்களைச் சுட்டிக்காட்டி, அங்கெல்லாம் மனித அறிவு செல்லுபடியாகாது என்ற பொருள்படப் பேசுகிறான். அவன் குருவானவர் அல்லன் என்பதைத் தந்தை பிரௌன் அதிலேயே உறுதி செய்துகொள்கிறார். அறிவைப் பழிப்பது நல்ல இறையியல் ஆகாது என்பது அவர் தரும் விளக்கம். அப்போது செஸ்டர்டன் கத்தோலிக்கர் அல்லர். 1922இல் பீக்கன்ஸ்ஃபீல்டு ஊரில் கத்தோலிக்க ஆலயம் இல்லாமையால், இரயில்வே விடுதியின் தகரக் கூரையிட்ட அறையில்தான் அவர் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

மறையைக் கைவிட்டவர் ஏன் எளிதில் ஏமாந்தார்? மறையில் ஊன்றி நின்றவர்கள் ஏன் ஐயம் கொண்டு ஆராய்ந்தார்கள்? உலகைப் படைத்தவர் ஒழுங்கின் இறைவன் என்று நம்புகிறவனுக்கு, மண்ணில் பதிந்த காலடித் தடமும் அவர் தந்த மொழிதான். அதைப் படிக்க அவன் அஞ்சுவதில்லை. இறையருள் நம் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்று புனித தோமா அக்வினார் கற்பித்ததும் இதையே.

நம் திருமறை நூலிலேயே இதற்கு அழகிய சான்று உண்டு. தானியேல் நூலின் இணைத்திருமுறைப் பகுதியில், பேல் என்னும் சிலை நாள்தோறும் மாவையும் ஆடுகளையும் இரசத்தையும் உண்பதாக அரசர் நம்புகிறார். தானியேல் வாதிடவில்லை. கோவில் தரையில் சாம்பலைத் தூவச் செய்து, கதவுக்கு முத்திரை இடுகிறார். விடிந்ததும் சாம்பலில் ஆடவர், பெண்டிர், குழந்தைகளின் காலடித் தடங்கள்! குருக்கள் எழுபதுபேரும் குடும்பத்தோடு இரகசிய வழியாக வந்து உண்டது வெளிப்படுகிறது. 1928இல் துப்பறியும் கதைகளைத் தொகுத்த டாரத்தி சேயர்ஸ் இதையும் சூசன்னா வரலாற்றையும் அத்தொகுப்பில் சேர்த்தது எவ்வளவு பொருத்தம்! லூர்து நகரிலும் இதே மரபு தொடர்கிறது. குணமடைந்ததாகப் பதிவான நிகழ்ச்சிகள் ஏழாயிரத்துக்கும் மேல். மருத்துவர்கள் ஆராய்ந்த பின்னர்த் திருச்சபை புதுமை என ஏற்றவையோ எழுபதைச் சற்றே தாண்டியவை.

இவையெல்லாம் நூலகத்துச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். நான் பணியாற்றிய சிற்றூர் ஒன்றில், ஊருக்கு வெளியே பாழடைந்த கிணறு ஒன்று இருந்தது. பொழுது சாய்ந்தால் அவ்வழியே யாரும் போவதில்லை. "கிணத்துக்காரி கூப்பிடுறா சாமி, வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு விடுங்க" என்று கேட்டனர். சென்றேன், செபித்தேன், தீர்த்தமும் தெளித்தேன். பிறகு, "அந்தப் பெண்ணின் பெயர் என்ன? எப்படி இறந்தாள்?" என்று கேட்டேன். கூட்டம் அமைதியாயிற்று. "பழைய கதைய எதுக்கு சாமி இப்பக் கிளறணும்?" என்றார் உபதேசியார். சில நாள் கழித்து மூதாட்டி ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பேசின நகையப் போடாம வந்த புள்ள சாமி அது. அந்த வீட்டுல அதுக்குச் சோறு இல்ல, சொல்லுதான்."

அவள் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளாக விழுந்தாளா, வேறு ஏதேனும் நடந்ததா என்று சொல்ல ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. ஹோம்ஸைப் போல் முடிச்சை அவிழ்க்க என்னால் இயலாது. ஆனால் ஒன்று விளங்கியது. பேய்க்கதை அவ்வூரில் ஒரு வேலையைச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தது: வீட்டுக்குள் நடந்ததைக் கிணற்றுக்குள் மறைத்தது. துன்புறுத்தப்பட்டவளே துன்புறுத்துகிறவளாக மாற்றப்பட்டாள். பெயர் போய், பேயானாள்.

அவ்வாண்டு கல்லறைத் திருநாள் திருப்பலியில் அவள் திருமுழுக்குப் பெயரை உரக்க வாசித்தேன். யார் சொல்லியனுப்பினரோ, வெளியூரிலிருந்து அவள் தாய் வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். "எம்புள்ள பேர இந்த ஊர்ல சொல்லிக் கேட்டேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார். அதற்கு மறுமாதம், புதிதாய் மணமாகி வந்த வேறொரு பெண் நகைக்காக வதைக்கப்படுவதாக அறிந்த அன்பியத்துப் பெண்கள் அறுவர், சேர்ந்து அவ்வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தனர். பேச்சுவார்த்தை மூன்று மாலைகள் நடந்தது. அந்தப் பெண் இன்று இரு பிள்ளைகளின் தாய்.

உயிர்த்த ஆண்டவரைக் கண்டு சீடர்கள் ஆவி என அஞ்சியபோது, அவர் அந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கைகளையும் கால்களையும் காட்டினார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். உண்ண ஏதேனும் உண்டா என்று கேட்டு, மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே உண்டார். ஆராய்ந்து பார்க்கத் தம்மையே கையளித்தவரை வழிபடுகிற நாம், ஆராயக் கூடாது என்று மிரட்டும் எக்கதைக்கும் கடன்பட்டவர்கள் அல்லர்.

நவம்பர் 2ஆம் நாளுக்காக நாம் இறந்தோர் பெயர்களை எழுதித் தருவது வழக்கம். அப்பட்டியலில் இம்முறை, இருட்டியபின் மட்டும் ஊரில் பேசப்படும் பெயர்கள் ஏதேனும் இருந்தால், அவற்றையும் எழுதுங்கள். எழுதும்போது அருகிலிருக்கும் பெரியவரிடம், "இவருக்கு என்ன நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.