நூல் இல்லாமல் தறி ஓடுமா?

- மூன்றாமாண்டு இ.சி.இ. மாணவி, அம்மாபேட்டை



நம் ஆண்டு மலர் என்றால் நட்பைப் பற்றி நாலு கவிதை, தாய்மை பற்றி மூன்று, பிரிவைப் பற்றிக் கணக்கில்லாமல் வரும். கவிதை எழுத எனக்கு வராது. அதனால் லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவும்போது வரும் தொல்லையைப் பற்றி எழுதுகிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், இது பரீட்சைக்கு வரும் பாடமில்லை!

தொல்லை இதுதான். ஒரு மென்பொருளைப் போடப் போனால், "எனக்கு முன்னால் இன்னொன்று வேண்டும்" என்று அது நின்றுவிடும். அந்த இன்னொன்றைக் கொண்டுவந்தால் அதற்கு வேறு இரண்டு தேவைப்படும். லேபில் இதைப் பார்த்துவிட்டு, "சார், லினக்ஸ் வேலை செய்யல" என்று எழுந்து போனவர்கள் பலர். உண்மையில் அது வேலை செய்யாமல் இல்லை. என்ன குறைகிறது என்று பெயர் சொல்லிக் கேட்கிறது. திரையில் வரும் ஆங்கிலம் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

இந்த வரிசை நமக்குப் புதிதும் அல்ல. உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்றுக்கு ரேஷன் கார்டும் ஆதாரும் வேண்டும். இரண்டிலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆதாரைத் திருத்தப் போனால், அதில் சேர்த்த போன் நம்பர் எப்போதோ செத்துப்போன நம்பராக இருக்கும். படித்தவர்கள் உள்ள வீட்டில் ஒரு மாமாவோ சித்தியோ, "போகும்போதே இந்த அஞ்சையும் எடுத்துட்டுப் போ" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒவ்வொன்றையும் போய் நின்று, கேட்டு, திரும்பி வந்துதான் தெரிந்துகொண்டேன். லினக்ஸ் அந்த வகையில் எவ்வளவோ மேல். என்ன வேண்டும் என்பதைச் சலித்துக்கொள்ளாமல் மொத்தமாகச் சொல்லிவிடும்.

எங்கள் புராஜெக்ட் விசைத்தறிக்கான ஒரு கவுண்டர். அப்பா தறி ஓட்டுகிறார். கூலி மீட்டர் கணக்கில். வாரக் கடைசியில் கூடத்தில் சொல்லும் கணக்கும் அப்பா மனதில் வைத்திருக்கும் கணக்கும் சில வாரம் ஒத்துப்போகாது. அந்தச் சனிக்கிழமை வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். தறியின் கிராங்க் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஊடை விழுகிறது. தண்டில் ஒரு காந்தத்தை ஒட்டி, எதிரில் ஒரு ஹால் சென்சாரை வைத்தால் ஊடையை எண்ணிவிடலாம். அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்பது தெரிந்தால் நீளம் வந்துவிடும். பிரெட்போர்டில் செய்து பார்த்தோம், மேசை மேல் அருமையாக ஓடியது. தறி மேல் வைத்ததும் ஐந்தே நிமிடம்! ஆட்டத்தில் ஒயர் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஆகவே முறையான பி.சி.பி. போர்டு தேவைப்பட்டது. அதை வரைய கீகேட் என்ற மென்பொருள் வேண்டும். பிரான்சில் கிரெனோபிளில் ஆசிரியராக இருந்த ஜான்-பியர் ஷாரா 1992-ல் தொடங்கியது அது. பிற்காலத்தில் செர்ன் ஆராய்ச்சிக் கூடமும் அதற்குக் கைகொடுத்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

லேபிலேயே வரையலாம்தான். ஆனால் லேப் மூடும் நேரமும் எங்கள் வீதிப் பக்கம் போகும் டவுன் பஸ் நேரமும் ஒன்று. வீட்டில் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் வீதி அண்ணன் ஒருவர் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. வேலைக்குப் போனதும், "சும்மாதான் கெடக்குது, நீ வெச்சுக்க பாப்பா" என்று கொடுத்துவிட்டார். 2 ஜி.பி. நினைவகம். அதில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் முதலில் வெளியிட்ட நம் நாட்டு லினக்ஸ் அது. அதற்கு அடிப்படை டெபியன். நான் அந்தத் தாய்வீட்டுக்கே போய், 2023-ல் வந்த டெபியன் 12-ஐப் போட்டுக்கொண்டேன். ஒரே குறை, வீட்டில் இணையம் கிடையாது. இருக்கும் ஒரு போன் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். அதிலும் 28 நாளைக்கு மொத்தமே 2 ஜி.பி. வரும் ரீசார்ஜ்.

கீகேட் மட்டும் என்னென்ன கேட்கிறது என்று பார்ப்பதற்காக, அந்த ஒரு பொதியை லேபில் பென் டிரைவில் இறக்கி, வீட்டில் டிபிகேஜி கட்டளையில் கொடுத்தேன். "கீகேட் இதைச் சார்ந்திருக்கிறது, இது நிறுவப்படவில்லை" என்று வரிசை வரிசையாக ஓடியது. தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தக் கேக்குது பாப்பா?"

"லைப்ரரி இல்லைங்குதும்மா. தமிழ்ல நூலகம்னு சொல்லுவாங்க."

"நம்ம வீட்லயா நூல் இல்லைங்குது? கொழுப்புதான் அதுக்கு!"

சிரித்தாலும், விளக்கிச் சொன்னதும் அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஒரு பட்டுச் சேலையை நெய்கிறவர் எல்லாவற்றையும் தாமே செய்வதில்லை. சாயம் போடுபவர் வேறு, பாவு ஓட்டுபவர் வேறு, ஜக்கார்டு அட்டை அடிப்பவர் வேறு. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இதில் ஒன்று வரவில்லை என்றாலும் தறி நிற்கும். மென்பொருளும் அப்படித்தான். படத்தைத் திறப்பது, எழுத்தைத் திரையில் காட்டுவது, இணையத்தில் பேசுவது போன்ற பொதுவான வேலைகளை யாரோ ஒருமுறை எழுதித் தனியாக வைத்துவிடுகிறார்கள். அதுதான் லைப்ரரி. கீகேட்டில் மின்சுற்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலையை என்ஜிஸ்பைஸ் என்ற வேறொரு லைப்ரரி செய்கிறது. ஜன்னலும் மெனுவும் வரைவது டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று என் தோழி கேட்டாள். அப்படியும் தருகிறார்கள். ஆப்இமேஜ், ஃபிளாட்பேக் எல்லாம் அந்த வழிதான். ஆனால் மூட்டை பெரிது, என் மடிக்கணினியோ சிறிது. வேறொரு காரணமும் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. உலகமே பதறியது. லைப்ரரியைப் பொதுவில் வைத்திருந்த கணினிகளில் அந்த ஒன்றை மாற்றி, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்கினால் போதும். மூட்டைக்குள் தனித்தனிப் பிரதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்க்க வேண்டும்.

பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, எண்ணும் பொருந்த வேண்டும். லைப்ரரிக் கோப்பின் பெயர் எஸ்ஓ என்று முடிந்து, பின்னால் ஒரு எண் வரும். நிரல் 2 என்று கேட்டால் 3-ஐக் காட்டக் கூடாது. 3-க்குப் பெயரை மட்டும் 2 என்று மாற்றிவைத்து ஏமாற்றும் குறுக்குவழியைச் சில சீனியர்கள் சொல்லித் தருகிறார்கள். மென்பொருள் திறக்கும், பாதி வேலையில் விழும். இதை அப்பாவிடம் சொன்னபோது, "60-ம் நம்பர் அச்சுக்கு ஓட்டுன பாவ 80-ல ஏத்துன கதையா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பொதியாக இல்லாமல் வேறெங்கிருந்தோ எடுத்த நிரல் என்றால், நிறுவும்போது ஒன்றும் சொல்லாது, ஓட்டும்போதுதான் லைப்ரரியைக் காணோம் என்று நிற்கும். அப்போது எல்டிடி என்ற கட்டளையில் அந்த நிரலின் பெயரைக் கொடுங்கள். தேவையான லைப்ரரிகள் வரிசையாக வரும். எதன் எதிரே "நாட் ஃபவுண்ட்" என்று இருக்கிறதோ அதுதான் குறை. அந்தக் கோப்பு எந்தப் பொதிக்குள் இருக்கிறது என்பதை ஆப்ட்-ஃபைல் தேடிச் சொல்லும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒவ்வொன்றாகக் கொண்டுவருவதென்றால் புராஜெக்ட் ரிவ்யூ முடிந்த பிறகுதான் கீகேட் திறக்கும். ஏபிடி என்ற பொதி நிர்வாகி 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-லேயே சேர்ந்துவிட்டது. இணையம் இருந்தால் ஒரே வரி போதும். எதற்கு எது வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு, அத்தனையையும் இறக்கி, வரிசைப்படி நிறுவிவிடும். இணையம் இல்லாதவர்களுக்கும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பொதிகளின் பட்டியலை மட்டும் புதுப்பித்தேன். சில எம்.பி.தான் செலவு. பிறகு ஆப்ட்-கெட் கட்டளையோடு "பிரிண்ட்-யூஆர்ஐஸ்" என்ற சொல்லைச் சேர்த்தேன். அப்போது அது எதையும் இறக்காது. என் மடிக்கணினியில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துவிட்டு, பாக்கி வேண்டியவற்றின் முகவரிகளை மட்டும் எழுதித் தரும். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதுவது மாதிரி! இதில் "நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்" என்பதையும் சேர்ப்பது நல்லது. கட்டாயம் வேண்டியவை வேறு, இருந்தால் நல்லது என்று பரிந்துரைப்பவை வேறு. கீகேட்டின் முப்பரிமாணப் படங்கள் அந்தப் பரிந்துரையில் வருகின்றன. அந்தப் பொதி ராட்சசன், நம் போர்டுக்கு அது தேவையே இல்லை.

சீட்டில் 60-க்கும் மேல் முகவரிகள். லேபில் அனுமதி கேட்டபோது, "டவுன்லோட் பண்ணிக்கம்மா, பகல் இடைவேளைல பண்ணு" என்றார்கள். இறக்கினேன். ஒன்றே ஒன்று மட்டும் இல்லை என்று வந்தது, இணையத்தில் பேசும் லிப்கர்ல். நான் சீட்டு எழுதிய பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்து, புதிய பதிப்பு ஏறி, பழையதை எடுத்துவிட்டிருந்தார்கள். சீட்டில் எழுதிய சோப்பு இல்லை, அதே கம்பெனியின் புது உறை இருக்கிறது என்கிற மாதிரி. கீகேட்டுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட பதிப்போ அதற்கு மேலோ. ஆகவே புதியதையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாக் கோப்புகளையும் ஒரே அடைவில் போட்டு, அந்த அடைவுக்குள் நின்று, ஆப்ட் கட்டளையில் புள்ளியும் சாய்கோடும் போட்டு மொத்தமாகக் கொடுத்தேன். யார் முன், யார் பின் என்று அதுவே வரிசைப்படுத்திக்கொண்டது. கடைசி வரி ஓடி முடிந்தபோது இரவு பதினொன்று இருக்கும். பக்கத்துக் கூடத்தில் தறிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்படி ஒருவரையொருவர் நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு, மறைக்கக் கூடாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரலை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்களைப் புதிதாகக் கட்ட முயன்றவர்கள் திகைத்து நின்றார்கள். சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்தார்கள். பதினோரு வரி! நாம் லேபில் அடிக்கும் முதல் நிரலே அதைவிட நீளம்.

கீகேட் என் மடிக்கணினியில் திறக்க ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் ஆகிறது. பரவாயில்லை. போர்டு வரைந்தாகிவிட்டது. ஒரு காலை ஷிப்டு முடிந்து வந்த அப்பா திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல தறி எங்க இருக்குது?" என்று கேட்டார். சென்சார் வரும் மூன்று புள்ளிகளைக் காட்டினேன். "இந்த மூணா?" என்று விரலை வைத்துப் பார்த்தார். கை கழுவாத விரல், திரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

ஜூனியர்களுக்கு ஒரு செய்தி. டெபியன் 12-க்கான அந்தப் பொதிகள் என் பென் டிரைவில் இருக்கின்றன. வேண்டுமானால் இ.சி.இ. மூன்றாமாண்டு வகுப்பில் வந்து கேளுங்கள். ஆனால் உங்கள் கணினியில் இருப்பது வேறு, என் கணினியில் இருப்பது வேறு. அதனால் வரும்போது உங்கள் சீட்டை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்.