சுவர் தாங்கும் மணல்

மணலைப் பாரமாகவே நாம் அறிந்திருக்கிறோம். குழியில் கொட்டினால் அதன் எடை முழுவதும் அடியில் போய் உட்கார்ந்துவிடும் என்பது இயல்பான எண்ணம். கட்டடப் பொறியியல் படித்த நாட்களில் நண்பர்கள் நாங்கள் சிலர் முதன்முதலாக வியந்து நின்றது, அது அப்படியில்லை என்று அறிந்தபோதுதான்.

ஜெர்மனியின் ப்ரெமன் நகரப் பொறியாளர் யான்சன், மரத்தாலான சதுரக் குதிர்களில் தானியத்தை நிரப்பி, அடித்தட்டில் விழும் சுமையை அளந்து 1895இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் உயரத்திற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடிச்சுமை ஏறக்குறைய அப்படியே நின்றுவிடுகிறது. மணிகள் சுவரை நெருக்குகின்றன. நெருக்கத்தில் உராய்வு பிறக்கிறது. உராய்வின் வழியே எடையின் பெரும்பகுதி சுவருக்குப் போய்விடுகிறது. 1913இல் அமெரிக்காவின் அயோவாவில் மார்ஸ்டன் இதே கணக்கைக் குழாய் பதிக்கும் பள்ளங்களுக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு அது சுரங்கத்திற்குள்ளும் இறங்கியது.

தாதுவை வெட்டியெடுத்தபின் எஞ்சும் வெற்றறையை ஆலைக் கழிவுமணலால் நிரப்புவது வழக்கம். 6 மீட்டர் அகலமும் 45 மீட்டர் உயரமும் கொண்ட நீண்ட அறை ஒன்றை எண்ணிக்கொள்வோம். மணலின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எனில், அடியில் 810 கிலோபாஸ்கல் இருக்கவேண்டும். உராய்வுக் கோணத்தை 30 பாகையாகவும், பக்க அழுத்தத்தைச் செங்குத்து அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்காகவும் கொண்டு யான்சனின் கணக்கைப் போட்டால் 265தான் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு என்பதைப் பாதி என்று மாற்றினால் அதுவும் 185 ஆகிவிடுகிறது. மதிப்பீடு என்னும் சொல்லின் முழுப்பொருளும் அந்த ஒரு விகிதத்தில் அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கக்கூடியது நீர். கழிவுமணலைப் பெரும்பாலும் நீரில் கரைத்துக் குழாய் வழியாகத்தான் அனுப்புகிறார்கள். அறையின் அடிவாசலை ஒரு தடுப்புச் சுவர் அடைத்து நிற்கிறது. நீர் வடிந்துவிட்டால் அடிமட்டத்தில் பக்கவாட்டு அழுத்தம் 90 கிலோபாஸ்கலுக்கும் குறைவு. வடியாமல் மேல்வரை நின்றால், நீர் தரும் அழுத்தம் மட்டுமே 440. நீருக்கு உராய்வு கிடையாது. பாறைச் சுவரில் அது எதையும் இறக்கிவைப்பதில்லை. மணிகளுக்கிடையே நீரழுத்தம் ஏற ஏற, மணிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியும் தளர்ந்துபோகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ப்ரான்ஸ்விங் தங்கச் சுரங்கத்தில் 2000 ஜூனில் இத்தகைய தடுப்பு ஒன்று உடைந்தது. பாய்ந்துவந்த ஈர நிரப்பில் மூன்று தொழிலாளர்கள் மாண்டனர்.

அந்தச் செய்தியை அறிந்த பிறகு, சமன்பாட்டின் இறுதி எண்ணை நாங்கள் முன்போல நிம்மதியாக வாசிப்பதில்லை. 265 என்ற எண்ணுக்குள் வடிகால் ஒழுங்காக வேலை செய்கிறது என்ற நிபந்தனை ஓசையின்றி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாளில் எழுதாமல் விட்டால் சமன்பாடு பிழையாவதில்லை. தடுப்புக்கு அப்பால் நின்று வேலை செய்பவனுக்கோ, அந்த ஒரு வரிதான் உயிர்.