ஒண்ணுமில்லையாம், ஆனா நெஞ்சு அடிக்குது

தேனி மாவட்டத்துத் தேவாரத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஊருக்கு மேற்கே, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல மலை நிற்கிறது. உச்சியில் சாக்குலூத்து மெட்டு. அதைத் தாண்டினால் ஏலக்காய்த் தோட்டங்கள். நேரே ஏறிப்போக ஒரு சாலை வேண்டும் என்பது தேவாரத்தின் பல்லாண்டுக் கோரிக்கை. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் போடிக்குப் போய், போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறார்கள். இல்லையென்றால் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு கேரளத்துக்குள் நுழைகிறார்கள். காய் எடுக்கப் போகிறவர்களில் பெண்களே அதிகம். ஜீப்பு தாங்கும் அளவுக்கு மேல்தான் ஆள் ஏறும்.

அந்த ஜீப்பின் பின்சீட்டில் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். நாற்பது வயது. மடியில் தூக்குவாளி. வளைவில் வண்டி பின்னுக்குச் சாயும்போது கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுக்கின்றன. நெஞ்சு படக் படக்கென்று அடிக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. பிறகு கைவிரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கி விறைத்துக்கொள்கின்றன. உயிர் போகப்போகிறது என்றே அவருக்குப் படுகிறது. வண்டியை ஓரங்கட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, பக்கத்தில் இருப்பவர்கள் உள்ளங்காலைத் தேய்த்துவிட, கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அன்றைய கூலி போனது போனதுதான். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கீங்க, போய்ட்டு வாங்க” என்கிறார்கள்.

‘ஒண்ணுமில்ல’ என்பது தவறான சொல். எடுத்த சோதனையில் கோளாறு தெரியவில்லை என்பது வரைதான் அதில் உண்மை. அந்தப் பெண்ணின் நெஞ்சு அடித்தது பொய்யல்ல, விரல் விறைத்தது பொய்யல்ல. ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லி அனுப்பினால், தான் நடிப்பதாக நினைக்கிறார்களோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை வளைவு வருவதற்கு முன்பே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிடும்.

உண்மையில் நடந்தது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியில், சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு ஆயத்தமாகிறது. இதயம் வேகமாக அடித்துத் தொடைத் தசைகளுக்கு ரத்தத்தை அனுப்புகிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடுகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைகிறது. அதனால்தான் கை சில்லிடுகிறது, வயிறு புரட்டுகிறது. யானை துரத்தினால் இத்தனையும் உயிரைக் காக்கும். ஆனால் ஜீப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணால் எங்கே ஓட முடியும்?

விரல் விறைப்புக்குக் காரணம் மூச்சு. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்திலிருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் தன்மை சற்று மாறி, கால்சியத்தின் வேலை குழம்பி, நரம்புகள் சீண்டினாலே துள்ளும் நிலைக்கு வருகின்றன. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் சுருங்குவதால் கிறுகிறுப்பு வருகிறது. இன்னும் காற்று வேண்டும் என்று நினைத்து மேலும் இழுக்க இழுக்க, நிலைமை மோசமாகும்.

வயிறு புரட்டும் கதை பழையது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அப்போதுதான் புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துப் பூனைகளின் செரிமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ அதன் இரைப்பை அசைவு சட்டென்று நின்றுபோவதைக் கண்டார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சிதான் 1915-இல் அச்சமும் சினமும் உடம்பில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய அவருடைய நூலாக வந்தது. அதற்கும் முன்பே, 1871-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களைச் சோதித்த டாக்டர் டா கோஸ்டா, நெஞ்சுவலியும் படபடப்பும் மூச்சுத்திணறலும் இருந்தும் இதயத்தில் நோய் காண முடியாத பலரைப் பற்றி எழுதினார். ஆகவே இது படிக்காத பெண்களின் நோய் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். போர்க்களம் கண்ட ஆண்களிடம் அடையாளம் காணப்பட்ட துன்பம் இது.

தமிழுக்கு இது புதுச் செய்தியே அல்ல. அடிவயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். ஈரக்குலை நடுங்குகிறது, தொண்டை அடைக்கிறது, கைகால் வெலவெலக்கிறது என்கிறோம். ஈரல், குலை, தொண்டை, வயிறு என்று உறுப்பின் பெயரைச் சொல்லித்தான் அச்சத்தைச் சொல்கிறோம். தொல்காப்பியம் எட்டு உணர்ச்சிகளை வரிசைப்படுத்தி அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்தது. மெய் என்றால் உடம்பு. உள்ளே எழுவது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. அச்சம் பிறக்கும் இடங்களாக அது நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை.

விலங்கைப் பற்றி இந்த மலையடிவாரத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போடிமெட்டுக்கு அப்பால் சின்னக்கானல் பகுதியில் வீடுகளையும் ரேஷன் கடைகளையும் உடைத்து அரிசி தின்றுவந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27-ஆம் தேதி அது கம்பம் நகருக்குள் நுழைந்தது. மக்கள் சிதறி ஓடினார்கள். 144 தடை உத்தரவு வந்தது. ஜூன் 5-இல் மறுபடி பிடிபட்டு களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

யானை போய்விட்டது. பயம் அதை ஏற்றிய லாரியில் ஏறிப் போய்விடாது. மிரண்ட மூளை அந்த ஓசையையும் வாடையையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஏலச்செடிக்குள் ஒரு மட்டை முறிந்தாலே போதும், அட்ரீனலின் கொட்டும். ஊர்ப்பெரியவர்கள் இதைப் ‘பயந்த கோளாறு’ என்பார்கள். திருநீறு போட்டு மந்திரிப்பார்கள். அந்தப் பெயரைக் கேலி செய்ய எதுவும் இல்லை. ‘ஒண்ணுமில்ல’ என்ற ஆஸ்பத்திரிச் சொல்லைவிட ‘பயந்திருக்கு’ என்ற சொல் உண்மைக்கு நெருக்கமானது. நம்பிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தொட்டு ஆறுதல் சொல்லும்போது படபடப்பு தணிவதும் நடக்கக்கூடியதே. ஆனால் மந்திரிப்பதோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

போடி வியாபாரிகளிடமும் விவசாயிகளிடமும் இதே கோளாறு வேறு பெயரில் உலவுகிறது: கேஸ் டிரபிள். 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப்பக்கம் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் உச்சமாக 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், அடுத்த சில ஆண்டுகளில் விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கியபோது என்ன ஆகியிருப்பார்கள்? நெஞ்செரிச்சல், ஏப்பம், தூக்கமின்மை. ஓமத்தண்ணீரும் சோடாவும் குடித்துவிட்டு மறுநாள் மறுபடி ஏல விலையைப் பார்க்கப் போவார்கள். கடன் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆணுக்கு, கேஸ் என்று சொல்வது எளிது.

இப்படி உடம்பின் பேரைச் சொல்வதற்குப் பின்னால் வெட்கம் இருக்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர் ரகுராமும் அவரோடு சேர்ந்தவர்களும் 80 புறநோயாளிகளிடம் பேசி 1996-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. மனத்துயரை வெளியே சொன்னால் கல்யாணத்துக்குத் தடை வரும், ஊர் இளப்பமாகப் பார்க்கும் என்று நோயாளிகள் அஞ்சினார்கள். உடம்பு வலி என்றால் அந்த அவமானம் இல்லை. அது எல்லாருக்கும் வருவதுதானே. மனநல மருத்துவரைப் ‘பைத்திய டாக்டர்’ என்று இன்னும் அழைக்கும் வரை, நம் ஊர்களில் மனம் வயிற்றின் வழியாகவும் நெஞ்சின் வழியாகவும்தான் பேசும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படபடப்பு எல்லாமே பதற்றம் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். தைராய்டு மிகுந்தாலும் கை நடுங்கும், வியர்க்கும். ஏலத்தோட்டத்தில் மருந்தடித்த பிறகு வருகிற குமட்டலும் வியர்வையும் தலைச்சுற்றும் பூச்சிமருந்தின் வேலையாக இருக்கலாம். நெஞ்சின் நடுவில் இறுக்கி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். முதலில் உடம்பைச் சோதித்துவிட்டுத்தான் பதற்றம் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

அந்த முடிவுக்கு வந்த பிறகு மருத்துவர் செலவிட வேண்டியது ஐந்து நிமிடம். “உங்க நெஞ்சு அடிச்சது நெசம்தான்மா. பயத்துல உடம்பு இப்படிச் செய்யும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது, இது கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.” இத்தனை சொன்னாலே பாதி பாரம் இறங்கும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக நீட்டச் சொல்லித்தரலாம். வாயையும் மூக்கையும் பையால் மூடி மூச்சுவிடச் சொல்வது பழைய முறை, ஆபத்தானது, வேண்டாம். அடிக்கடி வந்தால் பேச்சு சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். விடியும் முன்னே ஜீப்பு ஏறுகிறவர்கள் அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் சொல்லுங்கள்.