குணசேகரன் இல்லாத ஒரு மாதம்

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. தறி ஓடும்போது எங்கள் தெருவில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. எதிர்வீட்டு மதினி வாசலில் நின்று கையை ஆட்டினார். சுவிட்சை அணைத்தேன்.

"குணசேகரன் போயிட்டாராம்."

நாடகத்தில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ராத்திரி வரப்போகிற கதை காலையிலேயே இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தேன். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போனது, குணசேகரனாக நடித்த மாரிமுத்து. சென்னையில் 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. வருசநாட்டுப் பக்கத்திலிருந்து சினிமா ஆசையோடு சென்னைக்குப் போனவர். ராஜ்கிரணிடமும் மணிரத்னத்திடமும் உதவி இயக்குநராக இருந்தவர், 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படம் எடுத்தவர், 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஜோவுக்கு அப்பா. இதெல்லாம் என் மகன் போனைப் பார்த்துச் சொல்லித்தான் அன்றைக்கு எங்களுக்குத் தெரியும். அதுவரை அவர் ஆதி குணசேகரன். எங்கள் தெருப் பெண்கள் வாரத்தில் ஆறு நாள் திட்டிய மனுஷன்.

அத்தைக்குச் சொல்ல வேண்டும். பின்கட்டில் ராட்டை முன்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கைத்தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குத்தவைத்துச் சொன்னேன். வலது கை சக்கரத்தைச் சுற்றியபடியே இருந்தது. இடது கையில் நூல் அறுந்ததை அத்தை கவனிக்கவில்லை. வெறும் தார்க்குச்சி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நான்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

அத்தை நாடகம் பார்க்க ஆரம்பித்தது நேற்று இன்றல்ல. 'சித்தி' ஓடிய காலத்தில் அடுத்தவர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர். 2003இலிருந்து 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1533 பகுதிகளில் தவறவிட்டது கொஞ்சம்தான். அதன் கடைசிக் காலத்தை அரசு கொடுத்த இலவச கலர் டிவியில், சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வம்தான் 'எதிர்நீச்ச'லும் எடுக்கிறார் என்று தெரிந்ததும், "அந்தப் புள்ளையா, அப்ப நல்லா இருக்கும்" என்று 2022இல் முதல் நாளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

கதை மதுரையில் நடக்கிறது. படித்த நான்கு மருமகள்கள், அடுப்படியை விட்டு வெளியே வரக்கூடாது என்கிற ஒரு பெரிய மனுஷன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று எங்கள் தெருவில் ஆளுக்கொருத்தி பேர் வைத்துக்கொண்டோம். இரவு 9.30 ஆனால் தறியெல்லாம் நிற்கும். குணசேகரன் "ஏய், இந்தாம்மா" என்று ஆரம்பித்ததும் அத்தை பதில் சொல்ல ஆரம்பிப்பார். "ஏன், நீ போய்ப் போட்டுத் தின்னேன்!" ஐந்தாறு பெண்கள் சேர்ந்து சிரிப்போம். கட்டின புருஷன் குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று தட்டை வாசலில் எறிந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் சோற்றை அள்ளிப்போட்ட அதே அத்தை. மாமா இறந்து ஏழு வருடமாகியிருந்தது.

அன்றைக்கு மதியம் அத்தை சாப்பிடவில்லை. "இனிமே யாரைத் திட்டுறது?" என்று கேட்டார். கேட்டதில் விளையாட்டு இல்லை.

அதன்பின் ஒரு மாதம் தெருவே நிலைகொள்ளவில்லை. குணசேகரனாக இனி யார் வரப்போகிறார் என்று பூக்கட்டும் இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் இதே பேச்சு. ஆளை மாற்றினால் நாடகமே வேண்டாம் என்றார் மதினி. அக்டோபரில் வேல ராமமூர்த்தி வந்தார்.

ஆம்பளைகளுக்குச் சந்தோஷம். பெருநாழிக்காரர், நமக்குத் தெற்கே பக்கத்து ஊர். பட்டாளத்திலும் தபால் இலாகாவிலும் வேலை பார்த்தவர், 'குற்றப் பரம்பரை' எழுதியவர். அந்த நாவலை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். அந்தப் பக்கத்துப் பேச்சை அவரைப்போல எழுத்தில் கொண்டுவந்தவர்கள் குறைவு. நம்ம மண்ணின் எழுத்தாளர் வருகிறார் என்று எனக்கும் பெருமைதான். ஆனால் டிவி முன்னால் அந்தப் பெருமை உதவவில்லை. மதினி இரண்டு நாள் பார்த்துவிட்டு எழுந்து போனார். "இது அவரு வீடு. இவரு எதுக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்காரு?"

யோசித்துப் பார்த்தால் குறை வேல ராமமூர்த்தியிடம் இல்லை. மாரிமுத்துவின் குணசேகரனிடம் ஒரு அற்பத்தனம் இருந்தது. பொண்டாட்டி படிப்பைப் பார்த்து உள்ளுக்குள் நடுங்குகிறவன் என்று முகத்திலேயே தெரியும். அதனால்தான் சிரிக்க முடிந்தது. வேல ராமமூர்த்தியின் மீசையும் கனத்த பார்வையும் அப்படியே எங்கள் வீட்டு ஆண்கள். அவர் நிமிர்ந்து பார்த்தாலே அத்தை புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வார். டிவிக்கு முன்னால்! வாரக்கணக்கில் அத்தை வாயே திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமா இருக்கும் வரை கேட்ட மௌனம். நாடகத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மதினியும் திரும்ப வர ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு நந்தினியைப் பார்த்துக் குணசேகரன் உறுமினார். நந்தினி தலையைக் குனிந்தாள். அறையில் யாரும் பேசவில்லை. அத்தை மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், மெதுவாகச் சொன்னார்:

"உப்புக் கூடுனா என்ன, தட்டை எறிவியா நீயி?"

நாடகத்தில் அந்நேரம் சாப்பாடும் இல்லை, தட்டும் இல்லை. மதினி என் கையைப் பிடித்தார். அத்தை தலைப்பைத் தோளில் தள்ளிவிட்டு, திரையை நேராகப் பார்த்து, இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை சத்தமாக.