அஞ்சறைப்பெட்டி மஞ்சளும் மாத்திரை மஞ்சளும்

மஞ்சள் இஞ்சிக் குடும்பத்துச் செடி. வைகாசி, ஆனி வாக்கில் நட்டால் தை, மாசியில் கிழங்கு வெட்டலாம். பொங்கல் பானையில் கட்டும் கொத்து போக, மற்றதெல்லாம் வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு, மேல்தோல் உதிர மெருகேற்றிய பிறகே விரலி என்றும் கிழங்கு என்றும் பிரிந்து சந்தைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் பெரிய சந்தை ஈரோடு; அந்த வட்டார மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மஞ்சளின் நிறத்துக்கும் அதன் மருத்துவப் புகழுக்கும் முதல் காரணமாகச் சொல்லப்படுவது குர்குமின். 1815-இலேயே பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பொருள், காய்ந்த மஞ்சளில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான். ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம் இருந்தால் அதிகம். ஆய்வுகளில் மாத்திரையாகக் கொடுக்கப்படுவதோ பெரும்பாலும் நாளைக்கு 500 மில்லிகிராம் முதல் 2 கிராம் வரை. குடும்பத்துக்கே அரைத் தேக்கரண்டி போட்ட குழம்புக்கு, மாத்திரை ஆய்வின் முடிவைப் பொருத்திப் பேசுவது சரியல்ல. மஞ்சளைப் பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இங்கிருந்தே வருகிறது.

இன்னொரு சிக்கல், குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் கொஞ்சமே உறிஞ்சும். உறிஞ்சியதையும் குடற்சுவரும் கல்லீரலும் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடலில் சேர்ந்த அளவு இருபது மடங்கானது. மஞ்சளோடு மிளகைச் சேர்க்கச் சொல்லும் விளம்பரங்களுக்கெல்லாம் மூலம் இதுதான். ஆனால் தனிக் குர்குமின் ரத்தத்தில் அநேகமாகத் தென்படவே இல்லை; அதன் இருபது மடங்கும் பெரிய அளவாகிவிடாது.

பயன் என்று பார்த்தால், மூட்டுத் தேய்மான வலி குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. பல சிறியவை, என்றாலும் ஒதுக்கிவிட முடியாதவை. புற்றுநோய், மறதிநோய் பற்றிய பேச்சு பெரும்பாலும் கண்ணாடிக் குழாய்ச் சோதனையோடு நிற்கிறது. குர்குமின் தானே ஒளிரும், பல புரதங்களில் ஒட்டும். அதனால் வேலை செய்யாத இடத்திலும் செய்வதுபோல் சோதனையை ஏமாற்றும் என்று வேதியியலாளர்கள் 2017-இல் விரிவாக எழுதினார்கள். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் 1995-இல் கொடுத்த காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைக் காட்டி வாதாடியதால் 1997-இல் ரத்தானது. பெருமையாகச் சொல்லப்படும் வழக்கு. ஆனால் அங்கே நிலைநாட்டப்பட்டது வழக்கத்தின் பழமை. காயம் ஆறுமா என்பது வேறு கேள்வி.

சாப்பிடும் முறையில் பழைய சமையலே நல்ல வழி. எண்ணெயில் வதங்கும்போது குர்குமின் கொழுப்பில் கரைகிறது. மிளகு ரசம், பொங்கல், மீன் வறுவல் எல்லாவற்றிலும் மஞ்சளும் மிளகும் கொழுப்பும் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. இரவில் குடிக்கும் மஞ்சள் பாலுக்குக் கால் தேக்கரண்டித் தூளும் சிட்டிகை மிளகும் போதும். ஆடை நீக்காத பால் நல்லது. ஆவி பிடிக்கையில் போடும் மஞ்சளிலிருந்து குர்குமின் ஆவியாகாது. மூக்கடைப்பை இளக்குவது பெரும்பாலும் வெந்நீர்தான். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதையும். வேட்டியில் பட்ட குழம்புக் கறை வெயிலில் வெளுப்பது அதனால்தான். தூள் டப்பாவையும் வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும்.

உலக உணவு, சுகாதார அமைப்புகளின் நிபுணர் குழு வகுத்த குர்குமின் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 180. சமையல் அதைத் தாண்டுவது அரிது; மாத்திரை எளிதில் தாண்டும். அதிலும் பிப்பரின் கலந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடக்கூடாது.

கலப்படம் இதையெல்லாம்விடப் பெரிய கேடு. பங்களாதேஷில் மெருகேற்றும்போதே நிறத்துக்காக ஈய குரோமேட் தூவியது 2019-இல் அம்பலமானது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே முழு விரலி என்றாலே சுத்தம் என்று நம்பிவிட முடியாது. பளபளவென்று கண்ணைப் பறிப்பதைத் தவிர்த்து, தெரிந்த இடத்தில், அதிகம் மெருகேறாத மங்கலான விரலியாக வாங்கி, இரண்டு நாள் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது.